கர்த்தர்மேல் நம்பிக்கை, கையில் ஓட்டு: தேர்தல் நேரத்தில் சபையார் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜெலுத்தோங், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று தமிழ் ஆராதனை நடக்கும் எந்த இடத்திலும் தேர்தல் நெருங்கினால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வித்தியாசம் இதில் இல்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வசனங்கள் சபைகளில் பழகிய பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

1. “மனுஷனை நம்பாதே, கர்த்தரை நம்பு”ன்னு பிரசங்கத்துல கேக்குறோம். அப்ப ஓட்டே போட வேணாமா?

போட வேண்டும். அந்தப் பிரசங்கம் பெரும்பாலும் சங்கீதம் 146:3இல் தொடங்கும்: “பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்.” ஒரு மனிதனிடம் இரட்சிப்பை எதிர்பார்ப்பதைத்தான் சங்கீதக்காரன் தடுக்கிறான். காரணத்தை அடுத்த வசனம் சொல்கிறது: அவன் ஆவி பிரியும், மண்ணுக்குத் திரும்புவான், அன்றைக்கே அவன் யோசனைகளும் அழிந்துபோகும்.

பலர் அங்கேயே வேதத்தை மூடிவிடுகிறார்கள். தொடர்ந்து வாசித்தால் 7ஆம் வசனத்தில் கர்த்தர் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயஞ்செய்கிறார், பசியாயிருக்கிறவர்களுக்கு ஆகாரங்கொடுக்கிறார். 9ஆம் வசனத்தில் பரதேசிகளைக் காப்பாற்றுகிறார், திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஆதரிக்கிறார். இப்படிப்பட்டவரை நம்புகிறவர்கள் பக்கத்து வீட்டு விதவைக்கு வீட்டு வாடகை கட்ட முடிகிறதா, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குப்பை அள்ளுகிறார்களா என்பதில் அக்கறையில்லாமல் இருக்க முடியாது. அந்த அக்கறையைக் காட்டும் வழிகளில் ஓட்டும் ஒன்று.

2. எனக்கு 19 வயசு. எங்கயும் போய் பதிவு பண்ணல. எனக்கு ஓட்டு இருக்கா?

இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். மைகாட்டில் (அடையாள அட்டையில்) எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் பெயர் இருக்கும். படிக்கவோ வேலைக்கோ கோலாலம்பூர் வந்து, அட்டையில் இன்னும் பாரிட் புந்தார் முகவரியே இருந்தால் ஓட்டும் அங்கேதான். தேர்தல் அறிவித்த பிறகு முகவரி மாற்ற ஓடுவதில் பயனில்லை, அந்தத் தேர்தலுக்கான பட்டியல் அதற்குள் முடிவாகியிருக்கும். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டி, வாக்களிப்பு மையம், வகுப்பறை எண், வரிசை எண் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது, 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டும். பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதிகளும் 40 சட்டமன்றத் தொகுதிகளும் உள்ளன. கடந்த முறை இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை: நாடாளுமன்றத்துக்கு 2022 நவம்பர் 19, மாநிலத்துக்கு 2023 ஆகஸ்ட் 12. நகராண்மைத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அதனால் சாலைக் குழிக்குக் காரணமானவரை ஓட்டால் மாற்ற முடியாது, புகார்தான் கொடுக்க முடியும்.

3. ரோமர் 13 இருக்கே. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னா கேள்வி கேக்குறது பாவமா?

பாவமில்லை. ரோமர் 13ஐ எழுதிய அதே பவுல், பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது மறுத்தார். ரோமக் குடிமக்களை அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டுபோங்கள் என்றார் (அப்போஸ்தலர் 16:37). பின்பு செசரியாவில் இராயனுக்கே மேல்முறையீடு செய்தார் (25:11). குடியுரிமையைப் பயன்படுத்துவதை அவர் அவிசுவாசமாகக் கருதவில்லை.

கீழ்ப்படிதலுக்கு எல்லையும் உண்டு. ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி பார்வோன் சொன்னபோது மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் கேட்கவில்லை, தேவன் அவர்களுக்கு நன்மைசெய்தார் என்றே யாத்திராகமம் 1 சொல்கிறது. வரி கட்டுவது, சிவப்பு விளக்கில் நிற்பது, சட்டப்படி மனு கொடுப்பது, மோசமான முடிவை மரியாதையாகக் கண்டிப்பது எல்லாம் ஒரே வாழ்க்கைக்குள் அடங்கும்.

4. சபை ஜெபத்துல அரசியல்வாதி பேரச் சொல்லி ஜெபிக்கலாமா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம்பண்ணும்படி 1 தீமோத்தேயு 2:1-2 கேட்கிறது. “யாவருக்காகவும்” என்றால் நமக்குப் பிடிக்காதவருக்கும் சேர்த்துத்தான்.

கோளாறு நடைமுறையில் வருகிறது. ஜெபத்தை நடத்துபவர் தன் அரசியல் கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்குகிறார். “ஆண்டவரே, இந்தத் திருடர்களை நீர் அறிவீர்” என்று போகிற ஜெபம் கடவுளிடம் பேசுவதில்லை, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிறது. அந்தக் கட்சிக்குப் போன தேர்தலில் ஓட்டுப் போட்டவர் ஆமென் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

இதைத் தவிர்க்க எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. வேட்புமனு நாள் முடிந்ததும் உங்கள் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கட்சிச் சின்னம் இல்லாமல், அகரவரிசையில் ஒட்டுங்கள். 2022இல் வேட்புமனு நவம்பர் 5, வாக்களிப்பு நவம்பர் 19. நடுவில் இரண்டே வாரம். தினமும் ஒருவர் பெயரைச் சொல்லி மூன்று காரியம் கேட்டால் போதும்: பொய் சொல்லாதபடி காத்தருளும், அவர் குடும்பத்தைக் காத்தருளும், ஜெயித்தால் ஏழையை மறக்காதபடி செய்யும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. தேர்தல் ஆணைய ஊழியர்கள், போலீஸ்காரர்கள், வாக்களிப்பு மையத்தில் வேலை செய்யும் ஆசிரியர்கள் ஆகியோரையும் சேருங்கள். அவர்களை யாரும் நினைப்பதில்லை.

5. எங்க பாஸ்டர் “இந்தக் கட்சிக்குப் போடலன்னா சாபம் வரும்”னு பேசினார். அப்படிச் சொல்லலாமா?

கூடாது. வேதத்தின்படி, கர்த்தர் சொல்லாததை அவர் பெயரால் சொல்வது அது. நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு வரும் என்று மிரட்டுவதோடு ஆன்மிகத் தீங்கு வரும் என்று மிரட்டி ஓட்டை வாங்குவதையும் குற்றமாக்குகிறது. சாபம், நரகம், திருவிருந்து மறுப்பு எல்லாமே இதில் வந்துவிடும்.

ஊழலைப் பற்றி, இனவெறியைப் பற்றி, குடியுரிமை இல்லாத பிள்ளைகளைப் பற்றி வேதத்திலிருந்து பேச போதகருக்கு முழு உரிமை உண்டு, பேசாவிட்டால்தான் குறை. கட்சிப் பெயரையும் வேட்பாளர் பெயரையும் மேடையில் தொடாமல் இருந்தால் போதும். கத்தோலிக்கக் குருக்களுக்கு இன்னும் கண்டிப்பு அதிகம்: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அரசு அதிகாரத்தில் பங்குபெறும் பொதுப் பதவிகளை அவர்கள் ஏற்கக் கூடாது என்கிறது.

6. வேட்பாளர் ஒருத்தர் ஞாயிறு ஆராதனைக்கு வர்றேன்னு சொல்றார். வேணாம்னு சொல்ல முடியுமா?

ஆராதனைக்கு வருகிறவரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, பேச வருகிறவரைத்தான் சொல்ல வேண்டும். சபைச் செயலாளர் முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடட்டும்: வாருங்கள், மற்றவர்களோடு உட்காருங்கள், மைக் கிடையாது, பீடத்தருகே படம் எடுக்க வேண்டாம். வாயில் காப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். தயக்கம் வருவது அவருக்குத்தான். மாலை போட்டு முன்வரிசைக்கு அழைத்துப் போய்விடுவார், அன்று சாயங்காலமே “சபையார் ஆதரவு” என்று முகநூலில் படம் வந்துவிடும்.

ஆராதனை முடிந்து வேட்பாளர் செலவில் பிரியாணி என்றால் மறுத்துவிடுங்கள். ஓட்டுக்காகச் சாப்பாடு, பானம் கொடுப்பது மேலே சொன்ன தேர்தல் குற்றச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் குற்றம், வாங்கிச் சாப்பிடுபவருக்கும் அது பொருந்தும். சபையார் உண்மையிலேயே வேட்பாளர்களைக் கேட்க விரும்பினால், வார நாள் மாலையில் மண்டபத்தில் வைத்து, தொகுதியில் நிற்கும் எல்லாரையும் எழுத்தில் அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம், கேள்விகள் துண்டுத்தாளில் என்று நடத்தலாம். ஒருவர் மட்டும் வந்தால் கூட்டத்தை ரத்து செய்துவிடுவதே நல்லது.

7. கட்டடத்துக்கு அரசாங்க மானியம் வாங்கினா நம்ம வாய அடைச்சுருவாங்களா?

முஸ்லிம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு வழியாக ஒதுக்கீடு இருக்கிறது. பினாங்கு மாநில அரசுக்கும் தனி நிதி உண்டு. இது மக்கள் வரிப்பணம், அதில் நம் வரியும் இருக்கிறது. வாங்குவதில் தவறில்லை. யாரோ ஒரு ஒய்பி (நாடாளுமன்ற அல்லது சட்டமன்ற உறுப்பினர்) நமக்கு உபகாரம் செய்தார் என்று அதை நினைப்பதுதான் தவறு.

தேர்தல் இல்லாத காலத்தில் விண்ணப்பியுங்கள். பணம் சபைப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரட்டும், போதகர் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். ரசீது கொடுத்து, தொகையைச் சபைக் கூட்டத்தில் வாசித்து, செலவுச் சீட்டுகளை வைத்திருங்கள். பிரச்சார நாட்களில் உறையில் ரொக்கம் வந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரிய மாதிரி காசோலையைப் பீடத்துக்கு முன் பிடித்துப் படம் எடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அடுத்த வருடம் அதே ஒய்பியின் தவறை மேடையில் சொல்ல வேண்டி வந்தால், கூரையைப் பார்த்துப் போதகர் வார்த்தையை விழுங்குவார்.

8. ஒரு தீர்க்கதரிசி “இவர்தான் அடுத்த பிரதமர், கர்த்தர் காட்டினார்”னு சொன்ன வீடியோ வாட்ஸ்அப்ல சுத்துது. நம்பலாமா?

எரேமியா 28ஐ நிதானமாக வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் கூட்டத்துக்கு முன்னால் சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது. எரேமியாவோ எழுபது வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்க யாருக்கும் விருப்பமில்லை. அனனியா அந்த வருடமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். சொன்னது நடக்கவில்லை என்றால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 அளவுகோலே கொடுத்திருக்கிறது. தேர்தல் முடிந்ததும் அந்த வீடியோவை அழித்துவிட்டு அடுத்ததைத் தேடுகிற பழக்கத்தில் இந்த அளவுகோலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஆவிக்குரிய செய்தி மட்டுமில்லை, “சபைகளை மூடப்போகிறார்கள்” போன்ற மிரட்டல் செய்திகளும் இப்படித்தான் வரும். அனுப்புவதற்குமுன் தேதி பாருங்கள் (பாதி செய்தி பழைய தேர்தலுடையது), முதலில் சொன்னது யார் என்று பாருங்கள், தொடர்புத்துறை, பல்லூடக ஆணையத்தின் செய்தி சரிபார்க்கும் செபெனார்ன்யா தளத்தில் தேடுங்கள். தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தி அனுப்புவது 1998ஆம் ஆண்டுத் தொடர்புத்துறை, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் குற்றம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை அதைவிடப் பழையது.

9. 2018ல உபவாசமிருந்து ஜெபிச்சோம், ஆட்சி மாறிச்சு. 22 மாசத்துல கவிழ்ந்துருச்சு. எங்க ஜெபம் என்ன ஆச்சு?

எல்லாக் கேள்விகளிலும் வலி மிகுந்தது இதுதான். 2018 மே 9ஆம் தேதி, சுதந்திரம் முதல் ஆண்ட கூட்டணி தோற்றபோது பல சபைகளில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. 2020 பிப்ரவரியில் அந்த அரசு விழுந்தது. 2022 நவம்பருக்குள் நான்காவது பிரதமரைப் பார்த்துவிட்டோம். “கர்த்தர் தந்தார்” என்று சாட்சி சொன்னவர்கள் பிறகு வாயே திறக்கவில்லை. இளைஞர்களில் சிலர் ஜெபக் கூட்டத்துக்கே வராமல் போனார்கள்.

ஜெபித்தது தவறில்லை, ஸ்தோத்திரம் பண்ணினதும் தவறில்லை. ஒரு தேர்தல் முடிவைத் தேவனுடைய ராஜ்யம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டதில்தான் இடறினோம். புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அதற்கு முந்தின வசனம் அட்டையில் அச்சாவதில்லை. பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறின பின்பு என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அது வாசிக்கப்பட்டதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை, அவர்களுடைய ஆயுளைவிட அது நீளமாக இருந்தது.

அந்த எழுபது வருடத்துக்குள் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் (29:5-7). பட்டணம் பாபிலோன், ராஜா நேபுகாத்நேச்சார்! அவனை நம்பச் சொல்லவில்லை, அவன் பட்டணத்துக்கு நன்மை தேடச் சொன்னார். 2018 ஜெபத்தைத் தொடர விரும்புகிறவர்களுக்கு இதுதான் வழி.

10. நம்ம நாட்டுல கிறிஸ்தவங்களே கொஞ்சம், அதுல தமிழர் இன்னும் கொஞ்சம். அரசியல் பலம் இல்லாம யார் நம்மளக் காப்பாத்துவாங்க?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 9.1 சதவீதம். அதில் பெரும்பகுதி சபா, சரவாக்கில். 2022இல் தொங்கு நாடாளுமன்றம் அமைந்து, 222 இடங்களில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்காத அந்த வாரத்தில் வந்த பயம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

பயத்துக்கு மருந்தாக முதலில் நம்மிடம் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது, பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் கடைப்பிடிக்கலாம் என்றும் அங்கேயே சொல்கிறது. 11(1) சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. 11(3) சமயக் குழுக்கள் தம் காரியங்களைத் தாமே நடத்தவும் சொத்து வைத்திருக்கவும் உரிமை தருகிறது. 11(4)இன்படி, முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம். உரிமையையும் வரம்பையும் சேர்த்தே அறிந்தவர் வதந்திக்கு நடுங்குவதில்லை. உரிமையைக் கேட்கப் பொறுமை வேண்டும்: 2008இல் விமான நிலையத்தில் பறிமுதலான 8 குறுந்தட்டுகளுக்காக சரவாக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் நடத்திய வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 மார்ச் 10ஆம் தேதி. சபைகளின் சார்பில் பேச மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு 1985 முதல் இருக்கிறது, கட்சி சார்பில்லாமல்.

ஆனாலும் “யார் காப்பாத்துவாங்க” என்ற கேள்விக்குச் சட்டம் முழுப் பதிலாகாது. எகிப்தின் குதிரைகளை நம்பினவர்களை ஏசாயா 31 கண்டித்தபோது, குதிரைகள் நிஜமாகவே பலமுள்ளவைதான். திருச்சபை நீரோவின் காலத்தில் ஓட்டும் இல்லாமல், நீதிமன்ற ஆதரவும் இல்லாமல் இருந்தது. தமிழ்ச் சபைகள் தோட்டப்புறத்தில் தகரக் கொட்டகையில் கூடின காலத்திலும் நமக்கு அமைச்சர்கள் கிடையாது. கர்த்தர் அப்போதும் சபையைத் தாங்கினார். இதை நாங்கள் ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை, நடந்ததாகவே சொல்கிறோம்.

11. அப்ப நான் கட்சியில சேரலாமா? சபையில மூப்பரா இருக்கேன்.

சேரலாம். யோசேப்பும் தானியேலும் நெகேமியாவும் அரண்மனையில் வேலை பார்த்தவர்கள். சபைப் பொறுப்பில் இருப்பவர் கிளைத் தலைவர், வேட்பாளர் என்று கட்சிப் பதவிக்குப் போனால், அந்தக் காலத்துக்கு மூப்பர் பொறுப்பை விட்டு நிற்பது எல்லாருக்கும் நல்லது. சபையின் வாட்ஸ்அப் குழுவைப் பிரச்சாரத்துக்குத் தொடக்கூடாது. உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியலைக் கட்சிக்குக் கொடுப்பது நம்பிக்கைத் துரோகம். தலைவர் செய்தது தப்பு என்று உங்கள் கட்சிக் கூட்டத்தில் சொல்ல முடிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

12. நிக்கிற யாருமே சரியில்ல. வெறும் சீட்டப் போட்டுட்டு வந்தா?

செல்லாத ஓட்டாக எண்ணப்படும், அவ்வளவுதான். 1ஆம் கேள்வியில் சொன்னதுதான் இங்கேயும் உதவும்: இரட்சகரைத் தேடிப் போனால் யாரும் தேறமாட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு வேலையாளைத் தேடுங்கள். சேவை மையம் திறந்திருந்ததா, நாடாளுமன்றத்தில் பேசினாரா, ஏழைக் குடும்பம் கதவைத் தட்டினால் எழுந்து வருவாரா என்று பார்த்தால், நிற்பவர்களுக்குள் வித்தியாசம் தெரியும்.

13. என் நம்பிக்கை கர்த்தர்மேலயா, கட்சிமேலயான்னு எனக்கே எப்படித் தெரியும்?

முடிவு வந்த மறுநாளைப் பாருங்கள். தோற்றதும் இரண்டு வாரம் தூக்கமில்லை, ஜெபமில்லை, ஜெயித்த கட்சிக்காரச் சகோதரனோடு பேச்சில்லை என்றால் நம்பிக்கை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். ஜெயித்தபின் அந்த அரசு செய்யும் அநியாயத்துக்கு நீங்களே சாக்குச் சொல்லத் தொடங்கினால் அதுவும் அதே நோய்தான், கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

இன்னொரு அளவு: ஒரு வாரத்தில் அரசியல் காணொளிக்கு எத்தனை மணி நேரம், வேதத்துக்கு எத்தனை மணி நேரம். கைப்பேசியே கணக்குக் காட்டும்.

14. தேர்தல் இல்லாத வருஷத்துல சபை என்ன செய்யலாம்?

உண்மையான வேலை அப்போதுதான். எங்கள் கணக்கில் முதலிடம் ஆவணங்களுக்கு. ஆலயத்தில் கல்யாணம் நடந்து, 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவாகாமல் போன குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தாய்க்குக் குடியுரிமை இல்லாமல், திருமணமும் பதிவாகாமல் இருந்தால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்கும், ஏனென்றால் அப்போது சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கிறது. எனவே பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் சபையில் திருமணம் முடிந்தது என்று கோப்பை மூடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் சிக்கலுள்ள பிள்ளைகள் இருந்தால் வயதைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் வயது வரம்புக்குட்பட்டவரைச் சிறப்புச் சூழலில் குடிமகனாகப் பதிய அரசுக்கு அதிகாரம் உண்டு. வயது தாண்டினால் அந்த வழி அடைபடும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஐசி, திருமணப் பதிவு, பள்ளிக் கடிதம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அசலும் இரண்டு நகலுமாகச் சேர்த்து, மலாயில் விவரம் எழுதத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள். தேசியப் பதிவுத்துறையில் கொடுத்த தேதியையும் கோப்பு எண்ணையும் சபை ஏட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தொகுதி ஒய்பியின் சேவை மையத்துக்குப் போங்கள், அவர் எந்தக் கட்சியானாலும் சரி. சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டையோடு) முதுமை அடைந்த தாத்தா பாட்டிகளுக்கும் இதே உதவி தேவைப்படுகிறது, விண்ணப்பப் பிரிவுதான் வேறு. அவர்களுக்கு நேர்முகத்தில் மலாய் கேட்கப்படலாம் என்பதால், ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் பேசிப் பழக்க இளைஞர் இருவரை ஒதுக்குங்கள்.